நூலகப் படிகளில் ஏறுவோம்: விடுமுறைக் காலச் செயற்றிட்டம் ஒன்று

இப்பாடத்தின் நோக்கம்: பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளும் பெற்றோரும் தமக்கு எட்டும் தூரத்திலுள்ள பல நூலகங்களுக்குச் சென்று பார்த்து, அவற்றுள் ஒன்றிலேனும் அங்கத்தவராகி, விடுமுறை முடிந்த பின்னரும் அங்கு போய்வரச் செய்வது எப்படி என்பதை ஊக்குவிப்பாளர்கள் அறிந்துகொள்ளல்.

தேவையான நேரம்: ஒன்றரை மணித்தியாலம். ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சற்று நிறுத்தி, உங்கள் ஊரின் நிலையைப் பற்றிப் பேசிக்கொள்ளுங்கள்.

1. பார்ப்போம்

கிராமத்து வாசகர்களுக்காக எழுதும்போது கொழும்புப் புதுக்கடையிலிருந்து தொடங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. நூலகங்கள் மிகுந்த ஊரிலும் நூலகத்துக்குப் போகாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அது ஏன் என்று விளங்கிக்கொண்டால், நூலகங்கள் குறைந்த ஊரில் என்ன செய்யலாம் என்பதும் விளங்கும்.

புதுக்கடை என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது நீதிமன்றம். 1656ஆம் ஆண்டு கொழும்பு முற்றுகையில் இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்டின் பெயரால் ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோப் என்று வழங்கும் மேடு இது. சிங்களத்தில் அளுத்கடே என்பர். நம் தமிழ்ப் பெயரின் பொருளும் அதுவே. சட்டத்தரணிகளின் அலுவலகங்களும் சட்டக் கல்லூரியும் இங்கே இருப்பதால், நாட்டில் வேறெங்கும் காண முடியாத அளவுக்குச் சட்டப் புத்தகங்கள் இம்மேட்டைச் சுற்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. அதே மேட்டின் சரிவுகளில், தோட்டம் என்று சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலும் தொடர்மாடிகளிலும் முஸ்லிம், தமிழ், சிங்களக் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்கின்றன. தகப்பன்மாரில் பலர் புறக்கோட்டையில் நாட்டாமை வேலை செய்கிறார்கள். முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள். சாப்பாட்டுக் கடைகளில் நிற்கிறார்கள். தாய்மாரில் பலர் பிறர் வீடுகளில் வேலைக்குப் போகிறார்கள். விடுமுறை வந்தால் பிள்ளைகளுக்கு முடுக்கும் கைத்தொலைபேசியும்தான் துணை.

அப்பகுதிப் பிள்ளைகளோடு சில காலம் வேலை செய்யும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. "இவன் நல்லா வாசிப்பான் ஃபாதர். வாசிக்கத்தான் வீட்டில ஒண்டும் இல்ல" என்று ஒரு தாய் சொன்னதிலிருந்தே எங்கள் முயற்சி தொடங்கியது. நூலகத்துக்குக் கூட்டிப்போவோம் என்று முடிவு செய்தோம். அது எளிதான காரியம் என்றுதான் நினைத்தேன்.

முதல் நாள் ஒரு நூலகத்தின் வாசலில் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஒருவன் கேட்டான்: "ஃபாதர், செருப்பைக் கழட்டணுமா?" இன்னொருத்தி, "காசு கட்டணுமா?" என்றாள். வயதில் மூத்தவன் ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "எங்களை உள்ளே விடுவாங்களா?"

இந்த மூன்று கேள்விகளையும் நீங்கள் மறக்கக் கூடாது. அவர்களுக்கு வாசிப்பில் விருப்பம் இருந்தது. நூலகம் நடந்து போகும் தூரத்திலோ ஒரு பஸ் தூரத்திலோ இருந்தது. ஆனால் அந்தக் கட்டடம் தமக்கும் உரியது என்ற எண்ணம் மட்டும் இருக்கவில்லை. கோவிலில் எப்படி நடக்க வேண்டும், பள்ளிவாசலில் எப்படி நடக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். நூலகத்தில் எப்படி நடக்க வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததில்லை.

இனி, புதுக்கடைப் பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்போம்.

அ. கொழும்பு பொது நூலகம். விகாரமகாதேவிப் பூங்காவின் அருகில் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் சந்தா செலுத்துவோருக்காக இயங்கிய கொழும்பு நூலகமும் புறக்கோட்டை நூலகமும் ஒன்றாகி 1925இல் மாநகர சபையின் பொது நூலகம் பிறந்தது. இப்போதுள்ள கட்டடம் 1980இல் திறக்கப்பட்டது. மூன்று மொழி நூல்களும் சிறுவர் பகுதியும் இங்கு உண்டு. புறக்கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ்ஸில் போகலாம்.

ஆ. வெள்ளவத்தை, 57ஆவது ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம். சங்கம் 1942இல் தொடங்கியது. தமிழ் நூல்களைத் தேடுவோர் முதலில் நாடும் இடங்களில் இது ஒன்று. கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி கடந்து வெள்ளவத்தையில் இறங்கலாம். காலி வீதி வழியாக 100, 101 இலக்க பஸ்களும் உண்டு.

இ. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில், 1902இல் தொடங்கிய விவேகானந்த சபை. இத்தகைய சபைகளின் நூல்களைப் பார்ப்பதற்கு நிர்வாகிகளிடம் முன்கூட்டியே அனுமதி பெறுவது மரியாதை.

ஈ. சுதந்திர அவெனியுவிலுள்ள தேசிய நூலகம் (1990), தேசிய நூதனசாலை நூலகம் (1877). நூதனசாலை நூலகத்துக்கு நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகள் 1885 முதல் சட்டப்படி சேர்ந்து வருகின்றன. இவ்விரண்டும் ஆராய்ச்சிக்கும் அங்கேயே இருந்து வாசிப்பதற்கும் உரியவை. உயர்தர வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். அதற்கு முன் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும்.

உ. மாநகர சபையின் கிளை நூலகங்களும் வாசிகசாலைகளும், பிள்ளைகளின் சொந்தப் பாடசாலை நூலகமும். பல வேளைகளில் மிகக் கிட்ட இருப்பதே நம் கண்ணில் படுவதில்லை.

2. சீர்தூக்குவோம்

"ஒரு நூலகத்துக்குப் போனால் போதாதா? ஏன் நாலைந்து?" என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிள்ளைகளோடு திரும்பத் திரும்பப் போய்வந்த பின் நான் கண்ட விடை மூன்று.

முதலாவது, எல்லா நூலும் இருக்கும் நூலகம் என்று எதுவும் இல்லை. இதற்கு நம் மத்தியில் வாழ்ந்த ஒருவரே சாட்சி. தனிநாயகம் அடிகளார் (1913 – 1980) கொழும்பு புனித பேர்னாட் குருமடத்தில் படித்து, பின்னர் உரோமைக்குச் சென்றவர். தமிழின் ஆரம்பகால அச்சு நூல்களைத் தேடி அவர் நாடு நாடாக நூலகப் படிகளில் ஏறினார். 1554இல் அச்சான தமிழ்ச் சிற்றேடு லிஸ்பனில் இருந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தின் பிரதி அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1679இல் அச்சான அந்தாவ் டி புறோவென்சாவின் தமிழ்–போர்த்துக்கீச அகராதியை அடிகளார் வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். ஒரே நூலகத்தோடு அவர் நின்றிருந்தால் அந்த அகராதி இன்னும் பல காலம் நம் கைக்கு வந்திராது. அறிஞருக்கு மட்டுமான விதியன்று இது. தையல் நூல் தேடும் தாய்க்கும், வினாத்தாள் தேடும் மாணவனுக்கும் பொருந்தும்.

இரண்டாவது, ஒரே ஒரு நூலகத்தை மட்டும் கண்ட பிள்ளை, அங்கு ஒருவர் கடுமையாகப் பேசிவிட்டால் எல்லா நூலகமும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிடும். நாலு இடம் பார்த்த பிள்ளை, "அங்கே அப்படி இருக்கவில்லையே" என்று ஒப்பிடும், கேள்வி கேட்கும். எங்கே யாரிடம் எதைக் கேட்பது என்பது பழகிப் போகும். இந்தத் துணிவு நூலகத்தோடு நிற்காது. பிரதேச செயலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் இதே துணிவுதான் அவர்களுக்கு வேண்டும்.

மூன்றாவது, பல நூலகங்களுக்குப் போகும்போது பல மொழியினரும் பல மதத்தவரும் வாசிக்கும் இடங்களில் பிள்ளைகள் உட்காருகிறார்கள். நம் நாட்டுப் பிள்ளைகள் பாடசாலையில் பெரும்பாலும் மொழிவாரியாகப் பிரிக்கப்படுகிறார்கள். பொது நூலகத்தின் மேசையில் அப்படியொரு பிரிவு இல்லை.

இம்முயற்சி புதியதன்று. இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டு முதல், கோடை விடுமுறையில் பிள்ளைகள் பொது நூலகத்துக்குப் போய் 6 நூல்களை வாசிக்கும்படி ஓர் அழைப்பு விடுக்கப்பட்டு வருகிறது. நீண்ட விடுமுறையில் வாசிக்கும் பழக்கம் விட்டுப் போவதை ஆசிரியர்கள் கண்டிருந்தார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நூலகங்கள் கூடி, கடவுச்சீட்டுப் போன்ற சிறு கொப்பியொன்றை மக்களுக்குக் கொடுத்து, செல்லும் நூலகந்தோறும் முத்திரையிட்டு ஊக்குவித்திருக்கின்றன. தமிழ்நாட்டிலோ இதற்கு நேர்மாறான வழியைக் கண்டார்கள். 1931ஆம் ஆண்டு மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். அதைத் தொடக்கி வைத்த நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன், நூல்கள் பூட்டி வைப்பதற்காக அன்றி மனிதர் பயன்படுத்துவதற்காகவே இருக்கின்றன என்பதைத் தம் கொள்கைகளில் முதன்மையாகக் கொண்டவர். மனிதர் நூலிடம் போவதும், நூல் மனிதரிடம் வருவதும் ஆகிய இரு வழிகளும் நமக்கு வேண்டும்.

இங்கே யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலேயே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1934இல் அது வாடகை அறையொன்றில் 844 நூல்களோடு நூலகமாயிற்று. பின்னர் லோங் அடிகளார் போன்றோர் உழைத்தனர். இரங்கநாதனின் ஆலோசனையும் பெறப்பட்டது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு அது தீ வைத்து எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. இன்று அது மீளக் கட்டப்பட்டு இயங்குகிறது. அந்த இரவைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் எரிந்த நூலகத்துக்காகக் கண்ணீர் விடும் நாம், இன்று திறந்திருக்கும் நூலகத்துக்குள் நம் அயல்வீட்டுப் பிள்ளை போகிறதா என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? செல்லப்பா செய்தது பெரிய காரியம் என்றால், அவர் தொடங்கியது ஒரு வீட்டு அறையில் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

3. செயற்படுவோம்

எங்கள் அனுபவத்திலிருந்து படிமுறையாகச் சொல்கிறேன். தவறியவற்றையும் மறைக்கவில்லை.

படி 1: காலத்தைத் தெரிவு செய்தல். சித்திரை, ஆகஸ்ட், மார்கழி விடுமுறைகளுள் ஒன்றை எடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் கல்வி அமைச்சின் நாட்காட்டியைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு றமழானை ஒட்டி விடுமுறை வேறுபடும் என்பதை முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. நண்பர்கள் இருவரில் ஒருவன் பாடசாலையில், மற்றவன் எங்களோடு என்றாயிற்று. போயா நாளும் அரச விடுமுறையும் நூலகம் மூடியிருக்கும் நாட்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பெற்றோரின் நம்பிக்கையைப் பெறுதல். ஒரு குருவானவர் பல மதப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறார் என்றால் சந்தேகம் எழுவது இயல்பு. முஸ்லிம் தாய் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "ஃபாதர், லைப்ரரிக்குத்தானே? வேற எங்கயும் இல்லியே?" நான் கோபிக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. அவரையே எங்களோடு வரும்படி அழைத்தேன். அடுத்த கிழமை அவர் மகளோடு வந்தார். அதன் பின் பள்ளிவாசல் நிர்வாகி ஒருவர், கோவில் தொண்டர் ஒருவர், சிங்களப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஆகியோரைச் சேர்த்துச் சிறு குழுவொன்று அமைத்தோம். நூலகப் பயணத்தில் மறைக்கல்வி இல்லை, எந்த மதப் பிரசாரமும் இல்லை என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொன்னோம், சொன்னபடியே நடந்தோம்.

படி 3: நூலகரை முதலில் சந்தித்தல். பிள்ளைகள் கூட்டமாகப் போய் இறங்கினால் எந்த நூலகருக்கும் திகைப்பாகத்தான் இருக்கும். இரு கிழமைகளுக்கு முன்பே போய், எத்தனை பேர், என்ன வயது, எந்த நேரம் வசதி என்று பேசுங்கள். நூலகர்கள் நம் எதிரிகளல்லர். தம் நூல்களை வாசிக்க ஆள் வருகிறது என்றால் அவர்களில் பெரும்பாலானோர் மகிழ்வார்கள். எங்களுக்கு நூலகர் ஒருவர் அலுமாரி அடுக்கும் அறை வரை காட்டினார்; பிள்ளைகள் அதை மறக்கவே இல்லை.

படி 4: பயணக் கொப்பி. சாதாரண 40 பக்கக் கொப்பியை இரண்டாக வெட்டித் தைத்தால் இரு பிள்ளைகளுக்குப் போதும். ஒரு நூலகத்துக்கு இரு பக்கங்கள். ஒரு பக்கத்தில் நாள், நூலகத்தின் பெயர், நூலகரின் ஒப்பம் அல்லது முத்திரை. மறு பக்கத்தில் பிள்ளை எழுத வேண்டியவை: நான் தொட்டுப் பார்த்த ஒரு நூல், அதில் எனக்குத் தெரிந்த ஒரு புதுச் செய்தி, நான் அங்கு கேட்ட ஒரு கேள்வி.

மறு பக்கத்தை முதலாம் முறை நாங்கள் வைக்கவில்லை. அதிக முத்திரை சேர்த்தவருக்குப் பரிசு என்று மட்டும் அறிவித்தோம். பிள்ளைகள் ஓடிப் போய் முத்திரை குத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். முதற் பரிசு பெற்றவனிடம், "எந்த நூலைப் பார்த்தாய்?" என்று கேட்டேன். அவனுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. குற்றம் அவனுடையதன்று, நாம் எதை எண்ணினோமோ அதையே அவன் சேர்த்தான். அதன் பின் போட்டிப் பரிசை நிறுத்திவிட்டோம். கொப்பியை நிரப்பிய எல்லாருக்கும் ஒரு நூல் என்று வைத்தோம்.

படி 5: ஒவ்வோர் இடத்திலும் ஒரு தேடல். சும்மா சுற்றிப் பார்த்தால் பிள்ளைகளுக்கு விரைவில் சலித்துவிடும். இரண்டு தேடல்கள் நன்றாகப் பயன்பட்டன.

ஒன்று, எண்ணைத் தேடுதல். பொது நூலகங்கள் பலவற்றில் 1876இல் அமெரிக்கரான மெல்வில் தூயி வகுத்த தசமப் பகுப்பு முறை கைக்கொள்ளப்படுகிறது. அதில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811; சிங்கள இலக்கியத்தின் எண் 891.48. இந்த எண்களைக் கொப்பியில் எழுதிக் கொடுத்து, அலுமாரியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முதல் நூலகத்தில் நெடுநேரம் எடுக்கும். இதே முறையைப் பின்பற்றும் மூன்றாவது நூலகத்தில் உங்கள் உதவியின்றியே போய் நிற்பார்கள். ஊர் மாறினாலும் எண் மாறவில்லை என்று அவர்களாகவே காண்பது பெரிய பாடம்.

மற்றையது, பின்னட்டையைப் பார்த்தல். நூல்களின் பின்புறத்தில் 978 என்று தொடங்கும் சர்வதேச நியம நூல் எண் இருக்கும். அடுத்து 955 அல்லது 624 என்று வந்தால் அது இலங்கையில் வெளியான நூல். நம் நாட்டில் இந்த எண்ணை வழங்குவது தேசிய நூலகம். இலங்கையில் வெளியான ஐந்து தமிழ் நூல்களையும் ஐந்து சிங்கள நூல்களையும் தேடிப் பெயர் எழுதச் சொல்லலாம். மற்ற மொழிப் பிள்ளையின் உதவி இல்லாமல் இதை முடிக்க இயலாது. அதற்காகவே இருவர் இருவராகச் சேர்த்தோம்.

படி 6: செலவும் பாதுகாப்பும். பஸ் அல்லது ரயில் கட்டணம், குடிதண்ணீர், ஒரு பணிஸ். இதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம். செலவு கூடினால் அடுத்த ஆண்டு செய்ய மாட்டோம். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர்; பெண்பிள்ளைகளோடு கட்டாயமாக ஒரு பெண். பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். வெள்ளவத்தைக்கு ரயிலில் போனபோது கடலைக் கண்ட மகிழ்ச்சியில் நூலகத்தையே மறந்துவிட்டார்கள். மறக்கட்டும்; திரும்பி வரும்போது பேசியதெல்லாம் நூல்களைப் பற்றித்தான்.

படி 7: பெற்றோரையும் உள்ளே அழைத்தல். துணைக்கு வந்த தாய்மார் முதலில் வெளி வாங்கிலேயே இருந்தார்கள். "நாங்க படிக்காதவங்க, ஃபாதர்" என்றார்கள். மூன்றாம் பயணத்தில் ஒருவர் உள்ளே வந்து சமையல் சஞ்சிகையின் படங்களைப் பார்த்தார். அடுத்த முறை மகளை அருகில் வைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வாசிக்கத் தெரியாதவருக்கும் நூலகத்தில் இடம் உண்டு என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

4. ஒரு கையொப்பம்

இதுவரை சொன்னவை சுற்றுலாவாக முடிந்துவிடக் கூடியவை. பிள்ளை தன் பெயரில் அட்டை பெற்று நூலை வீட்டுக்குக் கொண்டு வரும்போதுதான் இது அபிவிருத்தி வேலையாகிறது. அந்த இடத்தில்தான் நாங்கள் தடுக்கி விழுந்தோம்.

உள்ளூராட்சி நூலகங்கள் பலவற்றில் நூலை இரவல் பெறப் பிணையாளர் ஒருவரின் ஒப்பம் வேண்டும். அவ்வெல்லைக்குள் சொத்து வரி செலுத்துபவராகவோ அரச ஊழியராகவோ அவர் இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். பொதுச் சொத்தைக் காப்பதற்கான விதி என்ற வகையில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தோட்டத்துக் குடிசையில் வாடகைக்கு இருக்கும் தாய், வரி செலுத்தும் ஒருவரை எங்கே தேடுவார்? தான் வேலை செய்யும் வீட்டு எசமானியிடம் கேட்கலாம், கேட்கக் கூச்சம். கிராம உத்தியோகத்தரிடம் போகலாம். ஒரு நாள் கூலி போய்விடும். ஒரு நூலகத்தில் நாங்கள் கொடுத்த விண்ணப்பப் படிவங்களுள் பெரும்பகுதி பிணையாளர் இல்லை என்று திரும்பி வந்தன. பயணக் கொப்பியை மிக அழகாக நிரப்பிய சிறுமியின் படிவமும் அதற்குள் இருந்தது. அவள் என்னிடம் கொப்பியைத் திருப்பித் தந்து, "இனி இது தேவையில்லத்தானே, ஃபாதர்?" என்றாள்.

அன்றிரவு எனக்கு உண்மை தெளிவாயிற்று. இவ்வளவு நாளும் பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுத்தோம். ஊக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. எங்களிடம் இருந்து அவர்களிடம் இல்லாதது ஒரு கையொப்பம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் நூல்களும் கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. "உங்களுள் வரி செலுத்துபவர்களும் அரச ஊழியர்களும் இருக்கிறீர்கள். ஒருவர் ஒரு பிள்ளைக்குப் பிணை நிற்பீர்களா?" என்று கேட்டோம். பள்ளிவாசல் நிர்வாகியும் தம் மக்களிடம் கேட்டார். புதுக்கடையில் நாள்தோறும் எத்தனையோ பேருக்குப் பிணை எழுதுகிறார்கள். ஒரு பிள்ளை கதை நூல் எடுக்கப் பிணை நிற்பது அதைவிடப் பயமான காரியமன்று என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஆள் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். பலருக்குக் கிடைத்தது. அந்தச் சிறுமிக்குப் பிணை நின்றவர் ஓர் ஓய்வுபெற்ற தபால் ஊழியர்.

பிணை நிற்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும். எனவே தொலையும் அல்லது கிழியும் நூலுக்கு ஈடு செய்யச் சிறு நிதியொன்றைக் குழுவில் வைத்தோம். பிணையாளர் பிள்ளையை மாதம் ஒரு முறையாவது காண வேண்டும், "என்ன வாசிக்கிறாய்?" என்று கேட்க வேண்டும் என்பது எங்கள் ஒரே நிபந்தனை. அக்கேள்வியே பல பிள்ளைகளைத் தொடர்ந்து வாசிக்க வைத்தது என்று நினைக்கிறேன்.

விடுமுறை முடிந்த பின் மாதத்தின் முதற் சனிக்கிழமையில் ஒன்றுகூடிப் போவதை வழக்கமாக்கினோம். ஆகஸ்டில் தொடங்கினால், தேசிய வாசிப்பு மாதமாகிய ஒக்டோபரில் நூலகங்கள் நடத்தும் நிகழ்ச்சிகளில் பிள்ளைகளைச் சேர்த்துவிடலாம். செயற்றிட்டம் வெற்றியா என்பதை முத்திரைகளை எண்ணி அளக்காதீர்கள். மூன்று மாதங்கள் கழித்து எத்தனை அட்டைகளில் நூல் இரவல் பெறப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிக்கும் குறைவானோரே தொடர்ந்தார்கள். அந்தத் தொகை எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. விட்டுப் போனவர்களைத் தேடிச் சென்றபோது அனேகர் வீடு மாறியிருந்தார்கள், அல்லது தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நின்றார்கள். வாசிப்பு வெறுத்துப் போனவர் என்று யாரையும் காணவில்லை. ஆகவே அடுத்த முறை தம்பி தங்கையையும் சேர்த்து அழைத்தோம்.

5. நம் கிராமத்தில்

"எங்கள் ஊரில் ஐந்து நூலகங்களுக்கு எங்கே போவது?" என்பீர்கள். ஒரு தாளில் உங்கள் ஊரை நடுவில் வரைந்து, துவிச்சக்கர வண்டியில் போகக்கூடிய தூரத்துக்கு வட்டமிடுங்கள். அதற்குள் இவற்றைத் தேடுங்கள்:

– பிரதேச சபை நூலகம் அல்லது அதன் கிளை.
– சனசமூக நிலைய வாசிகசாலை. காலையில் பெரியவர்கள் பத்திரிகை வாசிக்கும் அந்த வாங்கில் பிற்பகலில் பிள்ளைகள் உட்காரலாம்.
– பாடசாலை நூலகம். விடுமுறையில் கிழமைக்கு ஒரு நாள் திறந்து வைக்க அதிபரிடம் கேளுங்கள். பொறுப்புக்கு ஒரு பெற்றோரை நிறுத்துங்கள்.
– கோவில், பள்ளிவாசல், விகாரை, ஆலயம், சங்கம் ஆகியவற்றின் புத்தக அலுமாரி.
– ஊரில் நூல் சேர்த்து வைத்திருக்கும் ஓர் ஆசிரியரின் வீடு. யாழ்ப்பாண நூலகமும் ஒரு வீட்டில்தான் தொடங்கியது.

விடுமுறையின் கடைசிப் பயணமாக அருகிலுள்ள பட்டினத்தின் நகர சபை அல்லது மாநகர சபை நூலகத்துக்கு எல்லோரும் சேர்ந்து போகலாம். மலைநாட்டில் தோட்டத்திலிருந்து பட்டினத்துக்கு இறங்குவது சிரமம். அங்கே மன்னார்குடி வண்டியின் வழி பொருந்தும். நூலகரோடு பேசி ஒரு பெட்டி நூல்களை மாதாந்தம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். கைத்தொலைபேசி உள்ள வீடுகளில் 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தையும் ஒரு வாசலாகக் காட்டுங்கள். ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் அங்கு இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் திரையைக் காட்டிவிட்டுப் படிகளில் ஏற்றாமல் விட்டுவிட வேண்டாம். நூலகருக்குப் பிள்ளையின் பெயர் தெரிய வேண்டும். பிள்ளைக்கு நூலகரின் பெயர் தெரிய வேண்டும்.

6. குழுவில் கலந்துரையாட

1. உங்கள் வட்டத்துக்குள் எத்தனை நூலகங்கள், வாசிகசாலைகள், புத்தக அலுமாரிகள் உள்ளன? அவற்றுள் இங்கு இருப்பவர்கள் கடந்த ஓராண்டில் போனவை எவை?

2. உங்கள் ஊரில் நூலக வாசலில் நின்றுவிடக் கூடிய பிள்ளைகள் யார்? அவர்களைத் தடுப்பது தூரமா, காசா, மொழியா, உடையா, சாதியா, படிவமா?

3. உங்கள் உள்ளூராட்சி நூலகத்தில் அங்கத்தவராவதற்கான விதிகளைக் குழுவில் ஒருவர் கேட்டறிந்து அடுத்த கூட்டத்தில் சொல்லட்டும். பிணையாளர் வேண்டுமாயின், உங்களுள் யார் யார் அதற்குத் தகுதி உடையவர்கள்?

4. மற்ற மதத்தவர், மற்ற மொழியினர் ஆகியோருள் யாரை இம்முயற்சியில் பங்காளியாகச் சேர்ப்பீர்கள்? அவர்களிடம் முதலில் யார் போய்ப் பேசுவது?

5. வரும் விடுமுறைக்கு முன் செய்ய வேண்டிய மூன்று காரியங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு திகதியும் இடுங்கள்.

கூட்டம் கலையுமுன் ஒரு காரியம்: மூன்றாம் கேள்விக்குக் கை உயர்த்தியவர்களின் பெயர்களைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். விடுமுறை தொடங்கும்போது அந்தப் பட்டியல்தான் முதலில் தேவைப்படும்.